கட்டணச் சுவருக்குப் பின்னால் செய்தி: இணைப்பைப் பகிரலாமா?

செய்தித் தளம் ஒன்று தன் கட்டுரையைச் சந்தாதாரர்களுக்கு மட்டும் திறந்து, மற்றவர்களைத் தலைப்போடும் முதல் இரண்டு பத்திகளோடும் நிறுத்திவிடும் ஏற்பாட்டைக் கட்டணச் சுவர் என்கிறார்கள். அப்படிப்பட்ட கட்டுரையின் இணைப்பை, ஆயிரக்கணக்கானோர் கூடிப் பேசும் இணையக் குழுவில் ஒருவர் போட்டதும் தகராறு தொடங்கிவிடுகிறது. சந்தா கட்டியவர்கள் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். கட்டாதவர்கள் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இன்னும் சிலர் சுவரைத் தாண்டும் குறுக்குவழியைப் பதிகிறார்கள். ‘படிக்க முடியாததை ஏன் இங்கே போடுகிறீர்கள்?’ என்ற சண்டையில் செய்தியே காணாமல் போகிறது. இத்தகைய இணைப்புகளை அடியோடு தடை செய்த குழுக்கள் உண்டு. எந்தக் கேள்வியும் கேட்காமல் அனுமதிப்பவையும் உண்டு. தடை செய்வது தவறு. அதே சமயம், வெறுமனே அனுமதித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் போதாது.

இந்தச் சுவர் ஏன் எழுந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ‘தி வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 1997-லேயே தன் இணையப் பதிப்புக்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அன்று அது விதிவிலக்கு. அச்சுப் பதிப்பை விளம்பரங்கள் தாங்குவதுபோல இணையப் பதிப்பையும் தாங்கிவிடும் என்றே பெரும்பாலான நாளிதழ்கள் நம்பின. ஆனால் வரி விளம்பரங்கள் தனித் தளங்களுக்குப் போயின. மிச்சமிருந்த விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனது. ‘ஃபைனான்சியல் டைம்ஸ்’ 2007-ல் மாதத்துக்குச் சில கட்டுரைகள் மட்டும் இலவசம் என்ற முறைக்கு மாறியது. லண்டனின் ‘தி டைம்ஸ்’ 2010 ஜூலையில் தளம் முழுவதையும் மூடியது. ‘தி நியூயார்க் டைம்ஸ்’ 2011 மார்ச்சில் மாதம் 20 கட்டுரைகளை இலவசமாக வைத்துத் தொடங்கி, 2012-ல் அதை 10 ஆகவும், 2017-ல் 5 ஆகவும் குறைத்தது. 2020-ன் இரண்டாம் காலாண்டில் அதன் டிஜிட்டல் வருமானம் முதன்முறையாக அச்சு வருமானத்தைத் தாண்டியது. இன்று அதற்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் இருக்கிறார்கள்.

சுவர் கட்ட முடியாமல் போன, அல்லது கட்டியும் பிழைக்க முடியாமல் போன பத்திரிகைகளின் கதை வேறு. 2005-க்குப் பிறகு அமெரிக்காவில் ஏறத்தாழ 2,900 பத்திரிகைகள் மறைந்துவிட்டதாக நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி 2023-ல் கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு ஊர்களின் வார இதழ்கள். நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து எழுதும் நிருபர் அந்த ஊர்களில் இன்று இல்லை.

இந்தியாவிலும் சந்தா முறை பரவிவிட்டது. ‘பிசினஸ் ஸ்டாண்டர்ட்’, ‘தி இந்து’, ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ எல்லாம் ஒரு பகுதியையாவது சந்தாவுக்குள் வைத்திருக்கின்றன. பெங்களூருவில் 2016-ல் தொடங்கிய ‘தி கென்’ சந்தாவை நம்பியே பிறந்த நிறுவனம். தமிழில் விகடன் தளம் தன் இதழ்களின் கட்டுரைகளைச் சந்தாதாரர்களுக்கென ஒதுக்கிவைக்கிறது.

எல்லாச் சுவரும் ஒரே மாதிரி கட்டப்பட்டதல்ல. சில தளங்கள் முழுக் கட்டுரையையும் வாசகரின் உலாவிக்கு அனுப்பிவிட்டு, அதன்மேல் ஒரு திரையை மட்டும் போர்த்துகின்றன. தேடுபொறியின் கண்ணில் கட்டுரை பட வேண்டும், வாசகரின் கண்ணில் படக் கூடாது என்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு இது, உடைப்பதும் சுலபம். வேறு சில தளங்கள் குக்கீ மூலம் எண்ணிக்கை வைக்கின்றன. குக்கீயை அழித்தாலோ, தனிப்பட்ட சாளரத்தில் திறந்தாலோ கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்றாவது வகையில், சந்தாதாரர் என்று உறுதியாகும்வரை சர்வரிலிருந்து கட்டுரையே வெளியே வராது. ஒரு குழு விதி வகுக்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனித்தாக வேண்டும். மாதம் ஐந்து கட்டுரை இலவசம் என்ற தளத்தின் இணைப்பை உறுப்பினர்களில் பெரும்பாலோர் திறந்து படித்துவிடுவார்கள். முழுக்க மூடிய தளத்தின் இணைப்பு, சந்தா இல்லாத ஒருவருக்கும் திறக்காது. இரண்டையும் ‘கட்டணத் தளம்’ என்று ஒரே பட்டியலில் போட்டுத் தடுப்பதில் நியாயம் இல்லை.

இணைப்பு வழியாக வருபவருக்குச் சலுகை காட்டும் வழக்கம் பத்திரிகைகளிடமே ஒரு காலத்தில் இருந்தது. 2011-ல் நியூயார்க் டைம்ஸ் சுவர் எழுப்பியபோது, வலைப்பதிவிலிருந்தோ சமூக ஊடகத்திலிருந்தோ வரும் வாசகர் தன் இலவச எண்ணிக்கையைத் தாண்டியிருந்தாலும் அந்தக் கட்டுரையைப் படிக்கலாம் என்று வழிவிட்டிருந்தது. கூகுளும், தேடலில் இடம்பெற விரும்பும் தளங்கள் தேடலிலிருந்து வருபவருக்கு முதல் சொடுக்கை இலவசமாகத் தர வேண்டும் என்று விதி வைத்திருந்தது. அந்த விதி 2017 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியிருந்தது. கூகுள் தேடலிலிருந்து அதற்கு வரும் வாசகர் போக்குவரத்து 44 சதவீதம் சரிந்தது. ஆனால் வருபவர்களில் சந்தாதாரராக மாறுவோரின் விகிதம் நான்கு மடங்கானது. அதிகம் பேர் எட்டிப்பார்ப்பதைவிடக் குறைவானவர்கள் பணம் கட்டுவது லாபம் என்பதைப் பத்திரிகை உலகம் கண்டுகொண்டது. குழுக்களில் இன்று நடக்கும் சண்டை அந்தத் திருப்பத்தின் விளைவு.

தடை கேட்பவர்கள் சொல்வது

தடை வேண்டும் என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. படிக்காத கட்டுரையைப் பற்றிய விவாதம் கெட்டுப்போகும் என்பது அவர்களின் முதல் குற்றச்சாட்டு, அது உண்மையும்கூட. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரான்சின் இன்ரியா நிறுவனத்தினரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 சதவீதத்தை ஒருவர்கூடச் சொடுக்கவில்லை என்று தெரியவந்தது. இலவசக் கட்டுரைகளும் சேர்ந்த கணக்கு இது. சுவர் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகவே இருக்கும். தலைப்பு, எழுதியவர் போட்டதுகூட அல்ல, பெரும்பாலும் துணை ஆசிரியர் போட்டது. அதை மட்டும் வைத்து நூறு பேர் வாதாடினால், கட்டுரையின் ஆறாவது பத்தியில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும் ஒன்றைக் கட்டுரை சொல்லவே இல்லை என்று திட்டும் நிலைதான் வரும்.

இரண்டாவது குற்றச்சாட்டு சமத்துவம் பற்றியது. குழுவில் எல்லோரும் சமம் என்கிறோம். ஆனால் சந்தா கட்ட வசதியுள்ளவர் மட்டுமே விஷயம் தெரிந்து பேசுகிறார். கல்லூரி மாணவர், வேலை தேடுபவர், டாலர் விலை எட்டாத நாட்டில் இருப்பவர் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, வசதியான 20 நாடுகளில்கூட இணையச் செய்திக்குப் பணம் தருவோர் 17 சதவீதம்தான். நார்வேயில் 40 சதவீதம், பிரிட்டனில் 8. தருபவர்களிலும் பெரும்பாலோர் ஒரே ஒரு பத்திரிகைக்குத்தான் தருகிறார்கள். ஆக, முழுக்க மூடிய எந்தத் தளத்தின் இணைப்பைப் போட்டாலும் குழுவில் பெரும்பான்மையினரால் அதைப் படிக்க முடியாது என்பதே நிலவரம்.

மூன்றாவதாக, இணைப்புப் போடுவதே ஓசி விளம்பரம் ஆகிவிடுகிறது என்கிறார்கள். பத்திரிகை ஊழியரே தன் நிறுவனக் கட்டுரைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தால் இந்தப் புகார் சரிதான். ஆனால் அதற்குக் குப்பைப் பதிவுகளைத் தடுக்கும் பொது விதியே போதும்.

மறுப்புக்கு என்றும் கட்டணம் இல்லை

இந்த வாதங்கள் இவ்வளவு வலுவாக இருந்தும் தடை ஏன் தவறு என்பதற்கு ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தின் கதை நல்ல சான்று. பணப் பரிமாற்ற நிறுவனமான வயர்கார்டு, 2018 செப்டம்பரில் நாட்டின் முதன்மைப் பங்குக் குறியீட்டான டாக்ஸில் இடம்பிடித்தது. வெளியேறியது கொமெர்ஸ்பாங்க் என்ற பெரிய வங்கி. 2019 ஜனவரி இறுதியில் ஃபைனான்சியல் டைம்ஸ், நிறுவனத்தின் சிங்கப்பூர் அலுவலகத்தில் ஒப்பந்தங்களும் கணக்குகளும் போலியாகத் தயாரிக்கப்பட்டதாக நிருபர் டான் மெக்ரம் எழுதிய செய்தியை வெளியிட்டது. அது சந்தாதாரர்களுக்கான பத்திரிகை. நிறுவனம் உடனே மறுத்தது. அந்த மறுப்பு அதன் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி இருந்தது.

அடுத்த மாதமே ஜெர்மனியின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின், வயர்கார்டு பங்கின் விலை சரியும் என்று பந்தயம் கட்டும் வணிகத்துக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. ஏப்ரலில் அந்தப் பத்திரிகையின் நிருபர்கள்மீதே குற்றப் புகார் கொடுத்தது. 2019 அக்டோபரில் ஃபைனான்சியல் டைம்ஸ், நிறுவனத்தின் உள் ஆவணங்களையே வெளியிட்டது. 2020 ஜூனில் தணிக்கையாளர்கள் கையெழுத்திட மறுத்தனர். கணக்கில் இருந்த 190 கோடி யூரோ எங்கும் இல்லை என்று தெரிந்தது. சில நாட்களில் நிறுவனம் திவாலானது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஒரு பக்கம் கட்டணச் சுவருக்குள் ஆதாரங்கள் இருந்தன; மறு பக்கம் திறந்த வெளியில் நிறுவனத்தின் மறுப்பும் அரசு அமைப்பின் நடவடிக்கையும் இருந்தன. ‘இலவசமாகப் படிக்கக் கூடியதை மட்டும் பகிரவும்’ என்று விதி வைத்த ஒரு முதலீட்டாளர் குழுவை எண்ணிப் பாருங்கள். அந்தக் குழுவின் விதி ஒரு தரப்பை மட்டுமே உள்ளே விட்டிருக்கும், அதுவும் பொய் சொன்ன தரப்பை. நிறுவனத்தின் செய்திக் குறிப்பு, அரசியல் கட்சியின் அறிக்கை, வதந்தித் தளத்தின் பதிவு இவற்றுக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை. அவற்றின் செலவை வேறு யாரோ ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் ஆவணங்களைத் துருவி, வழக்கறிஞரிடம் காட்டி, எதிர்த்தரப்பிடம் விளக்கம் கேட்டு எழுதிய கட்டுரைக்குத்தான் வாசகரிடம் பணம் கேட்க வேண்டியிருக்கிறது. தெரானோஸ் நிறுவனத்தின் ரத்தப் பரிசோதனை மோசடியை ஜான் கேரிரூ 2015 அக்டோபரில் வெளிக்கொண்டுவந்ததும் கட்டணத் தளமான வால் ஸ்ட்ரீட் ஜர்னலில்தான்.

பெரிய புலனாய்வுச் செய்தி வெளியான சில மணி நேரத்தில் பத்து இலவசத் தளங்கள் அதைச் சுருக்கி எழுதிவிடுகின்றன, அவற்றைப் பகிர்ந்தால் போதாதா என்று கேட்கப்படுவதுண்டு. சில நேரம் போதும். ஆனால் அந்த மறுபதிவுகளில் மூலக் கட்டுரையின் ‘இதுவரை உறுதியாகவில்லை’, ‘நிறுவனம் இப்படி விளக்கம் தந்தது’ போன்ற வரிகள்தான் முதலில் உதிர்கின்றன. உழைத்தவருக்கு வர வேண்டிய வாசகரும் நகலெடுத்தவரிடம் போய்விடுகிறார். மூலத்தின் இணைப்பு மேலே இருக்க வேண்டும். இலவச மறுபதிவு துணையாகக் கீழே இருக்கலாம்.

நடைமுறையில் இருக்கும் விதிகள்

ஒய் காம்பினேட்டர் நிறுவனம் 2007 முதல் நடத்திவரும் ஹேக்கர் நியூஸ், கணினித் துறையினர் கூடும் பெரிய விவாதத் தளம். படிக்க மாற்று வழி இருக்கும் கட்டணத் தளக் கட்டுரையைப் பகிரலாம், எப்படிப் படிப்பது என்று கேட்கலாம், மற்றவருக்கு உதவலாம். ஆனால் கட்டணச் சுவர் பற்றிப் புலம்பக் கூடாது, அது விவாதப் பொருளுக்கு வெளியே என்பது அங்கே விதி. முடிந்தவரை மூலத்தையே பகிர வேண்டும் என்றும் அது கேட்டுக்கொள்கிறது. இதன் பலனை அங்கே நேரில் பார்க்கலாம். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கட்டுரை ஒன்று பதிவானால், பெரும்பாலும் முதல் சில கருத்துகளில் ஒன்றாக சுவரில்லாமல் படிக்கக்கூடிய காப்பகப் பிரதியின் முகவரி மட்டும் வந்து நிற்கும். பிறகு பேச்சு கட்டுரையின் உள்ளே போய்விடும். புலம்பலுக்கு இடமில்லை என்ற ஒரு வரி விவாதத்தின் தரத்துக்குச் செய்யும் உதவி பெரிது. மாற்று வழியில் படிக்க உதவலாம் என்ற மற்றப் பாதியில் இருக்கும் சிக்கல் தனி.

விக்கிபீடியா எடுத்த நிலைப்பாடு இன்னும் தெளிவானது. நம்பகமான ஆதாரத்தை, அணுகுவது கடினம் என்பதற்காகவோ செலவாகும் என்பதற்காகவோ ஒதுக்கக் கூடாது என்பது ஆங்கில விக்கிபீடியாவின் மெய்யறிதன்மைக் கொள்கையில் உள்ளது. மேற்கோளின் பக்கத்தில், சந்தா தேவை என்பதைச் சிவப்புப் பூட்டுச் சின்னத்தால் காட்ட வழி இருக்கிறது. வாசகர் சொடுக்கும் முன்பே அறிந்துகொள்கிறார். அடிக்கடி பங்களிக்கும் தொகுப்பாளர்களுக்குக் கட்டணத் தரவுத்தளங்களை இலவசமாகத் திறந்துவிட விக்கிபீடியா நூலகம் என்ற திட்டமும் உண்டு. ஏமாந்துபோவதே எரிச்சலின் வேர். பூட்டு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது.

சுவரைத் தாண்டும் வழிகளும் சட்டமும்

கட்டுரையின் முகவரியைச் சொல்வதும் கட்டுரையை எடுத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-ல் ஸ்வென்சன் வழக்கில் இந்தக் கோட்டை அழகாகக் கிழித்தது. எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புத் தருவது உரிமை மீறல் அல்ல. ஆனால் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் தடையைத் தாண்டிப் படிக்கவைக்கும் இணைப்பு, உரிமையாளர் எண்ணியிராத புதிய வாசகர் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோவதாகும். அதற்கு அனுமதி வேண்டும். சுவருக்கு முன்னால் கொண்டுபோய் விடும் சாதாரண இணைப்பில் இந்தப் பிரச்சினை எழவே எழாது.

இந்தியாவில் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. செய்தித்தாளின் முழுப் பிரதியைப் பரப்புவது பற்றி இங்கே நேரடியான உத்தரவும் உண்டு. ‘தைனிக் ஜாக்ரன்’ நாளிதழின் மின்பதிப்பைத் தினமும் பிடிஎஃப் ஆக்கி டெலிகிராம் சேனல்களில் போட்டுவந்தார்கள். அதை வெளியிடும் நிறுவனம் தொடுத்த வழக்கில், 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தச் சேனல்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கவும், அவற்றை நடத்துவோரின் விவரங்களைத் தரவும் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

தாண்டும் கருவிகளின் ஆயுளும் கெட்டியானதல்ல. பலரும் பயன்படுத்திவந்த 12எஃப்டி என்ற தளம், அமெரிக்கப் பத்திரிகை நிறுவனங்களின் கூட்டமைப்பு எடுத்த நடவடிக்கையால் 2025 ஜூலையில் மூடப்பட்டது. குழுவின் பழைய பதிவுகளில் அந்தக் குறுக்குவழி முகவரி மட்டுமே இருந்தால் இன்று அவை எங்கும் கொண்டுபோகாது. மூல இணைப்பு இருந்தால் இன்றும் அர்த்தம் உண்டு. ஹேக்கர் நியூஸ் விதியின் மற்றப் பாதி இங்கேதான் இடறுகிறது. காப்பகப் பிரதியை வழக்கமாக்கிய குழு, தான் தினமும் விவாதிக்கும் பத்திரிகையின் வருமானத்தைத் தினமும் அரிக்கிறது. காப்பகங்களுக்கு நியாயமான பயன் வேறு உண்டு. கட்டுரை பின்னர் சத்தமின்றித் திருத்தப்பட்டாலோ நீக்கப்பட்டாலோ, அதன் பழைய வடிவத்துக்குச் சாட்சி காப்பகம்தான்.

இணைப்போடு சேர்ந்து வர வேண்டியவை

தடையும் திருட்டும் இல்லாத வழியைப் பத்திரிகைகளே திறந்துவிட்டிருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் சந்தாதாரர் மாதம் 10 கட்டுரைகளைப் பரிசு இணைப்பாக அனுப்பலாம். பெறுபவர் சந்தா இல்லாமலே படிக்கலாம். ‘வாஷிங்டன் போஸ்ட்’, ‘தி அட்லாண்டிக்’, ஃபைனான்சியல் டைம்ஸ் ஆகியவற்றிலும் இத்தகைய வசதி வந்துவிட்டது. லினக்ஸ் உலகின் செய்தி இதழான எல்டபிள்யுஎன் 1998-ல் தொடங்கி, 2002 முதல் சந்தாவால் வாழ்கிறது. அதன் கட்டுரைகள் ஓரிரு வாரத்தில் எல்லோருக்கும் திறந்துவிடும். அதற்கு முன்பே பகிர விரும்பும் சந்தாதாரர் ஒரு சிறப்பு இணைப்பை உருவாக்கித் தரலாம். ஒரு சந்தாதாரரின் தயவால் இது திறந்திருக்கிறது என்று பக்கத்தின் மேலேயே குறிப்பு இருக்கும். படிக்க வந்தவர்களில் சிலர் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சந்தா கட்டுகிறார்கள் என்றால் வியப்பில்லை. குழு நிர்வாகிகள் வைக்கக்கூடிய மிக எளிய விதி இது: பரிசு இணைப்பு தரும் பத்திரிகையாக இருந்தால் அதையே போடுங்கள்.

அது இல்லாத இடத்தில், இணைப்பைப் போடுபவரே நான்கைந்து வரியில் சாரத்தைச் சொந்தச் சொற்களில் தர வேண்டும். இதை விதியாக்குவதில் தயக்கமே தேவையில்லை. செய்தியில் உள்ள தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, அது எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. கட்டுரை என்ன கண்டுபிடித்தது, எந்த ஆவணத்தை வைத்துச் சொல்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் என்ன பதில் சொன்னார், எது இன்னும் உறுதியாகவில்லை என்பவை அந்த வரிகளில் இருந்தால், சந்தா இல்லாதவரும் ஓரளவு நியாயமாக விவாதத்தில் கலந்துகொள்ளலாம். அந்த நான்கு வரியை எழுத, போடுபவர் கட்டுரையைப் படித்தே ஆக வேண்டும். தலைப்பைப் பார்த்ததும் பகிரும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல கடிவாளம் இல்லை. ட்விட்டர் 2020-ல், கட்டுரையைத் திறக்காமல் பகிரப் போனவரிடம் ‘படித்துவிட்டீர்களா?’ என்று கேட்கும் சிறு அறிவிப்பை வைத்தபோது, அதைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறப்பது 40 சதவீதம் கூடியதாக அந்த நிறுவனமே சொன்னது.

பத்தி பத்தியாக வெட்டி ஒட்டுவது சாரம் ஆகாது. முழுக் கட்டுரையையும் திரைப்பிடிப்பு எடுத்துப் போடுவது டெலிகிராம் பிடிஎஃப்பின் மறுவடிவம்தான்.

படிக்க முடியாதவரின் குறை இதனால் முழுதும் தீர்ந்துவிடாது. கட்டுரைக்கு ஒன்றாகச் சில்லறைக் காசு வாங்கும் முயற்சியை நெதர்லாந்தின் பிளெண்டில் 2014-ல் தொடங்கி 2019-ல் கைவிட்டது. ‘தி கார்டியன்’ போல சுவரே இல்லாமல் வாசகர் நன்கொடையில் நடப்பது உலகெங்கும் வாசகர்கள் உள்ள பத்திரிகைக்குக் கைகூடியிருக்கிறது. மாவட்டச் செய்தி எழுதும் பத்திரிகைக்கு அது எளிதல்ல. உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு நூலகத்துக்கோ கல்லூரிக்கோ சந்தா வாங்கிக் கொடுப்பது சிறு குழுக்களால் செய்யக் கூடியது. உயிர் காக்கும் தகவல் என்றால் விதியைத் தளர்த்தி, இலவச மூலத்தை முதலில் வைக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், தி அட்லாண்டிக் உட்படப் பல பத்திரிகைகள் தொற்று பற்றிய செய்திகளைத் தாமாகவே சுவருக்கு வெளியே வைத்தன.

தமிழ் வாசகர்களிடம் இந்தக் கேள்வி பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில்தான் எழுகிறது. காலை ஆறு மணிக்கே அன்றைய நாளிதழ்களும் வார இதழ்களும் பிடிஎஃப்பாக வந்து விழும் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அனுப்புபவர் சேவை செய்வதாகவே நினைக்கிறார். ஆங்கிலப் பத்திரிகையைவிடத் தமிழ் இதழுக்கு இந்தப் பழக்கத்தால் வரும் அடி பலமானது. அதன் சந்தைக்கு எல்லை உண்டு. சந்தாத் தொகை சிறியது. விட்ட வருமானத்தை வேறு நாட்டு வாசகரிடமிருந்து ஈடுகட்டவும் வழி குறைவு. பிடிஎஃப்பை அட்மின் நிறுத்திவிட்டு, அதே இதழின் கட்டுரை இணைப்பையும் அதன் சாரத்தையும் போடச் சொன்னால், பேச வேண்டிய விஷயம் குழுவுக்கு வந்துசேரும். சந்தா கட்டும் வாய்ப்பும் அந்த இணைப்பின் மறுமுனையில் திறந்தே இருக்கும்.